சிங்கத்துக்குக் கிடைத்த பரிசோதனை

(பொத்தேரியில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு கால்நடை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் தலைகீழாக, மனிதரிடமிருந்து விலங்குக்குப் போன ஒரு நோயிலிருந்து தொடங்குகிறேன். அது நடந்தது வெகுதூரத்தில் அல்ல. இங்கே ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், அதைத் தாண்டி வண்டலூர்.

2021 மே மாதக் கடைசி. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. வண்டலூரில் இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள். மே 26 அன்று சஃபாரிப் பகுதியில் அடைத்திருந்த சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, இருமின. பதினொரு சிங்கங்களிடமிருந்து மாதிரி எடுத்து போபாலில் இருக்கும் தேசிய விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்பதுக்குக் கொரோனா. ஜூன் 3 மாலை நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. 16ஆம் தேதி பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் போனது. அந்த மாதத்துக்குள்ளாகவே கிருமியின் மரபணுவைப் படித்து, ஊரெல்லாம் ஆளைக் கொன்றுகொண்டிருந்த அதே டெல்டா வகைதான் என்றும் சொல்லிவிட்டார்கள். பூங்காவுக்குள் கூட்டமே இல்லாத காலம் அது. பெரும்பாலும் நம்மில் யாரோ ஒருவரிடமிருந்துதான் அது கூண்டுக்குள் போயிருக்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஹைதராபாத் பூங்காவில் எட்டு சிங்கங்களுக்கும், 2020 ஏப்ரலில் நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவில் ஒரு புலிக்கும் இப்படித்தான் வந்தது.

இதை நான் சொல்வது சிங்கத்தின் மேல் இரக்கம் வரவழைக்க அல்ல. வேறு ஒரு கணக்குக்காக. இருமல் தொடங்கிய பத்து நாளுக்குள் அந்தச் சிங்கங்களுக்கு நோயின் பெயர் தெரிந்துவிட்டது. இதே ஜி.எஸ்.டி. சாலையில், பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது? முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. மூன்றாம் நாள் ஏதாவது ஒரு கிளினிக்கில் ஊசி. ஐந்தாம் நாள் டெங்கு டெஸ்ட், நெகட்டிவ். "வைரல் ஃபீவர்தான், ரெஸ்ட் எடுப்பா" என்று அனுப்பிவிடுவார்கள். எட்டாம் நாள் மூச்சு வாங்கும்போது பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுவார்கள். அதுவரை அவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்: தம்பி, நீ எங்கே படுத்துத் தூங்குகிறாய்? சுற்றிப் புதர் இருக்கிறதா, எலி இருக்கிறதா?

இன்று நான் சொல்ல வந்தது அநேகமாக இந்தக் கேள்வியைப் பற்றி மட்டும்தான்.

வௌவால் காய்ச்சல், குரங்கு அம்மை, பறவைக் காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் வரும் பெயர்களுக்கு நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியவைதான். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரருக்கு விலங்கு வழியாக வரும் ஆபத்து அவ்வளவு கவர்ச்சியானது அல்ல. எலி, நாய், மாடு, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி. இவற்றால் வரும் பல நோய்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து இருக்கிறது. மருந்து இருந்தும் ஆள் சாகிறான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பூச்சியிலிருந்தே வருகிறேன். ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல். உண்ணி என்றதும் நாயின் காதுமடலில் பருத்து ஒட்டியிருக்குமே, அதை நினைக்காதீர்கள். இது வேறு. ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூட இருக்காத சிலந்தி இனத்துச் சிற்றுயிரின் இளம்பருவம். முட்டையிலிருந்து வந்ததும் புல் நுனியிலும் சருகிலும் காத்திருக்கும். எலியோ பெருச்சாளியோ மூஞ்சூறோ உரசிப் போனால் ஏறிக்கொள்ளும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அது இன்னொரு உயிரின் உடலில் உணவெடுக்கும். அந்த ஒரு முறைக்கு எலிக்குப் பதில் நீங்கள் வாய்த்துவிட்டால் வந்தது வினை. அதன் எச்சிலில் ஒரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா இருக்கலாம். தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் அந்தக் கிருமி போகும் என்பதால், எலியை மட்டும் ஒழித்துவிட்டு இதை ஒழித்துவிட முடியாது. எலி குறைந்தால் பூச்சிக்குச் சாப்பாடு குறையும், அவ்வளவே.

இந்த இடத்துக்கும் இந்தப் பூச்சிக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்று கேட்டால், ரயில் நிலையத்திலிருந்து ஏரிப்பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். விற்றும் கட்டாமல் போட்ட மனைகளில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் இடுப்புயரம் நிற்கும். அதை ஒட்டி ஹாஸ்டல் மெஸ்ஸின் கழிவு. கழிவுக்கு எலி, எலியோடு பூச்சி. காடு அழிந்தால்தான் நோய் வெளியே வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே காடு ஒன்றும் பெரிதாக அழியவில்லை, வயல் தரிசாகித் தரிசு மனையாகியிருக்கிறது. பூச்சிக்கு அதுவே தாராளம். மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில், தோராயமாக ஐப்பசி தொடங்கி மாசி வரை, தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் கூடும். 2025 தொடக்கத்தில் மாநிலப் பொது சுகாதாரத் துறை இதற்காகவே எச்சரிக்கை விட்டபோது, அதிகம் காணப்படும் மாவட்டங்களில் சென்னையையும் செங்கல்பட்டையும் காஞ்சிபுரத்தையும் குறிப்பிட்டது.

கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. டெங்குவிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பலருக்குக் கடித்த இடத்தில் ஓர் அடையாளம் இருக்கும். சிகரெட் நுனியால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் மெலிதான சிவப்பு வளையம். பிரச்சினை என்னவென்றால் அது பெரும்பாலும் கையிலோ முகத்திலோ வராது. அக்குளில், தொடை இடுக்கில், மார்பின் அடியில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், காதுக்குப் பின்னால் இருக்கும். நோயாளி சொல்ல மாட்டார், வலி இல்லாததால் அவருக்கே தெரியாது. சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடினால்தான் கிடைக்கும். நிமிஷத்துக்கு ஒரு டோக்கன் போகும் கிளினிக்கில், அதுவும் ஒரு பெண் நோயாளியிடம், யார் தேடுவார்கள்? வீட்டில் நீங்கள் தேடலாம். குளிக்க வைக்கும்போது அம்மா பார்க்கலாம்.

மருந்து டாக்சிசைக்ளின், அல்லது அசித்ரோமைசின். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். நேரத்தில் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். ஆனால் காய்ச்சல் என்றதும் வழக்கமாக ஏற்றும் பெனிசிலின் வகை, செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது, ஏனென்றால் அது நம் செல்லுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. விலை கூடிய ஊசி போட்டாயிற்று என்ற திருப்தியில் நாள்தான் போகும். நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவியபின் பிழைப்பது கஷ்டம். அந்தக் கட்டத்தில் என்ன செய்வது என்பதற்கும் பதில் தேடியவர்கள் நம்மூர்க்காரர்களே. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று அதில் தெரிந்தது. உலகம் நம்மிடமிருந்து இதைக் கற்றுக்கொள்கிறது. பொத்தேரி கற்றுக்கொண்டதா என்றால் தெரியவில்லை.

எலிக்காய்ச்சலையும் இதோடு சொல்லிவிடுகிறேன், அது வேறு கிருமி. எலி, மாடு, நாய், பன்றி இவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா வெளியேறித் தேங்கிய தண்ணீரில் கிடக்கும், காலில் இருக்கும் வெடிப்பு வழியாக ஏறும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியபோது இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வெள்ளத்தில் நடந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்து கண் சிவந்து கெண்டைக்கால் தசை வலித்தால், "வெள்ளத்துல நடந்தேன் டாக்டர்" என்று சொல்ல வேண்டும். இதற்கும் டாக்சிசைக்ளின் கேட்கும்.

விலங்கைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இப்போது கடல் தாண்டி ஒரு கதை. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் மலேசியா. 1998 செப்டம்பரில் தொடங்கி 1999 வரை பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்து வரிசையாக இறந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அரசு முடிவு கட்டியது. அந்த நோய்க்கும் பன்றிக்கும் தொடர்பு உண்டு என்பதால் அந்த முடிவு ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. நம் நாட்டில் அந்த நோய் மனிதரிடம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூரில். வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கும் நாரையும், பன்றி, குழந்தை என்று அந்தச் சங்கிலியை வேலூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். மலேசியாவில் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும், இங்கே இறந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். இன்னொன்று, பன்றிகளே இருமின. பண்ணைக்கு வெளியே தூரத்திலிருந்து கேட்கும்படி இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படி இருமாது. அதை வேறு ஏதோ பன்றி நோய் என்று தனியாக ஒதுக்கிவிட்டு, மனித நோயைத் தனியாகப் பார்த்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆராய்ச்சியாளர் 1999 மார்ச்சில் புது வைரஸைக் கண்டுபிடிக்கும் வரை இரண்டு கணக்கும் ஒரே கணக்கு என்று ஊர்ஜிதமாகவில்லை. நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே வைரஸுக்கு வந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு, பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். பழமரங்களின் நிழலில் கொட்டில் போட்டிருந்தார்கள், பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலில் விழுந்தது என்பது பிறகு தெரிந்தது.

அதே நிப்பா 2018 மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்தபோது நடந்தது வேறு. ஒரே குடும்பத்தில் முதல் ஆள் இறந்து, இரண்டாவது ஆள் அதே அறிகுறியோடு வந்தவுடன் அங்கிருந்த மருத்துவர்கள் உஷாரானார்கள். மணிப்பாலிலும் புனேயிலும் உள்ள வைரஸ் ஆய்வகங்களுக்கு மாதிரி போனது, சில நாளில் பெயர் தெரிந்தது. அப்படியும் 17 பேர் இறந்தார்கள். பேராம்பிராவில் முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி அவர்களில் ஒருவர். தாமதமாகியிருந்தால் எத்தனை பேர் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

வௌவாலை அடித்து விரட்டலாமா என்று யாரோ கேட்க நினைப்பது தெரிகிறது. கூடாது. விரட்டினால் அது பதற்றத்தில் வேறு மரத்துக்குப் போகும், கிருமியும் கூடவே போகும். கடித்த பழத்தைத் தின்னாமல் இருப்பது அதைவிடச் சுலபம். மலேசியாவில் பன்றியின் இருமலைக் கவனிக்காமல் விட்டது போல இங்கும் விட்டுவிடக் கூடாது என்பதால்தான் குரங்கு செத்துக் கிடந்தாலும், காக்கை கொத்தாக விழுந்து கிடந்தாலும், யாராவது ஒருவர் போன் செய்து சொல்ல வேண்டும் என்கிறேன். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததைக் கவனித்ததால்தான் அங்கே ஆட்களுக்கு வந்த காய்ச்சலின் மூலம் பிடிபட்டது. விலங்கு நமக்கு முன்னால் சாகிறது. அதை யார் எண்ணுகிறார்கள்?

நாய் விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு கட்சிகளும் இந்த அவையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், பிஸ்கெட் போடுபவர்களும் கல் எடுப்பவர்களும். 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி ஏறத்தாழ 4.8 லட்சம். ரேபிஸில் இறந்தவர்கள் 40க்கும் மேல். கடிபட்டவர்கள் அத்தனை பேரோடு ஒப்பிட்டால் சாவு குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் அறிகுறி தொடங்கிய பின் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை என்பதையும், முன்பே ஊசி போட்டிருந்தால் அநேகமாக ஒருவரும் செத்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நாற்பது சாவுகளும் தவிர்த்திருக்கக் கூடியவை.

ஏன் போடவில்லை? பெரியவர்களுக்கு இன்னும் அந்தப் பழைய பயம் போகவில்லை. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி." அது பொய் இல்லை. 1911இல் வடக்கே இமாசல மலையில் இருக்கும் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் உருவாக்கிய தடுப்பூசி அப்படித்தான் போடப்பட்டது. ஆட்டு மூளையில் வளர்த்த வைரஸைக் கொன்று செய்தது. வலி மட்டும் அல்ல, சிலருக்கு அதனாலேயே நரம்பு பாதித்துக் கைகால் விழுந்தது. 2004 முடிவோடு இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷம் ஆகிறது, ஆனாலும் ஊர்ப் பேச்சில் அந்த ஊசி இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது போடுவது செல்லில் வளர்த்த தடுப்பூசி, கையில், அரசு மருத்துவமனையில் இலவசமாக. கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அவ்வளவுதான். நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை என்றால் கசௌலிதான் கதி. அவ்வளவு தூரம் போக முடியாமல் ஆட்கள் சாவதைக் கண்டுதான், 1907இல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது.

ஊசிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பைசா செலவில்லை. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவிப் பாருங்கள், எவ்வளவு நீளமான நேரம் என்று அப்போது தெரியும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். அது இருக்கிறதா என்று நீங்களாகக் கேளுங்கள், இல்லையென்றால் எங்கே இருக்கும் என்றும் கேளுங்கள். குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே, லேசாகப் பல் பட்டதுதானே என்று விட்டவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

என் தொழிலில் நாயைவிட மாட்டிடம்தான் எனக்குப் பயம். பால்காரர் ஓடி வருவார்: "டாக்டர், மாடு எதையோ முழுங்கிடுச்சு, வாயில நுரையா ஒழுகுது, தண்ணி இறங்கல, கத்திக்கிட்டே இருக்கு." தொண்டையில் மாங்கொட்டை அடைத்திருக்கும் என்று அவரே முழங்கை வரை கையை விட்டுத் துழாவியிருப்பார். வெறி பிடித்த மாட்டுக்கும் அப்படித்தான் தொண்டை செயலிழந்து எச்சில் ஒழுகும். அந்த எச்சிலில் வைரஸ் இருக்கும், அவர் விரலிடுக்கில் புல் அறுத்த கீறல் இருக்கும். அதனால் நான் முதலில் கேட்பது, "ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள நாய் ஏதாச்சும் கடிச்சுதா?" கடித்திருந்தால் மாட்டைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு, கை விட்ட எல்லோரையும் ஊசிக்கு அனுப்புவேன். வாயைத் திறந்து பார்க்க நினைப்பவர்கள் கையுறை இல்லாமல் பார்க்கவே வேண்டாம்.

தெருநாய்க்கு என்ன வழி என்றால், ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு, அதை வருஷா வருஷம் செய்ய வேண்டும். உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு இது. கருத்தடையும் கூடவே. பிடித்து வேறு இடத்தில் விடுவதால் ஒன்றும் ஆகாது, காலியான தெருவுக்கு ஊசி போடாத புது நாய் வரும், பிரியாணிக் கடை எலும்பு அதே இடத்தில்தானே கொட்டப்படுகிறது. நாய்க்குச் சோறு போடுபவர்களிடம் நான் கேட்பதும் ஒன்றுதான்: ஊசி போட வண்டி வரும்போது அந்த நாயைப் பிடித்துக் கொடுக்க உங்களால்தான் முடியும். அது மற்றவரிடம் வராது. அந்த ஒரு நாள் லீவு போடுங்கள்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பொத்தேரியை ஒட்டிக் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மாடும் ஆடும் பன்றியும் கோழியும் அங்கே உண்டு. கூப்பிடு தூரத்தில் மனிதருக்கான மருத்துவக் கல்லூரி. வண்டலூரில் வன உயிரின ஆராய்ச்சி நிறுவனம். மூன்று துறை, மூன்று அமைச்சகம். ஊரப்பாக்கத்தில் ஒரு கன்று குறைமாதத்தில் விழுந்தால் அது கால்நடைத் துறையின் பதிவேட்டுக்குப் போகும். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்த வீட்டுக்காரருக்கு மாசக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் அது வேறு பதிவேடு. கன்றுவீச்சு நோயை உண்டாக்கும் புரூசெல்லா கிருமி இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம், இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நாற்காலிதான் இல்லை.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்று 594 கோடி ரூபாய்த் திட்டமாக 2012இல் அனுமதி பெற்றது. அங்கே தயாரிப்பதாக இருந்தவற்றில் ரேபிஸ் தடுப்பூசியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. கட்டடமும் இயந்திரமும் வந்த பிறகும் உற்பத்தி தொடங்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் 2021 மே மாதம் முதல்வர் நேரில் போனார், மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் சாலையும் சாக்கடையும் கேட்கும்போது இதையும் ஒரு வரி கேட்டு வையுங்கள்.

டாக்டர் கேட்கவில்லை என்பதற்காக நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். நான்கு நாளுக்கு மேல் காய்ச்சல் என்று போனால், உட்கார்ந்தவுடன் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வீட்டில் மாடு இருக்கிறதா, ஆடு இருக்கிறதா, எலி ஓடுகிறதா. போன மாதம் புதரில், ஏரிக்கரையில், வெள்ளத்தில் இறங்கினீர்களா. நாய், பூனை, குரங்கு ஏதாவது கீறியதா. பக்கத்தில் ஏதாவது பிராணி செத்ததா. உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருக்கிறதா. "இதெல்லாம் எதுக்கும்மா சொல்றீங்க" என்று அவர் எரிச்சல்பட்டாலும் முழுதாகச் சொல்லிவிட்டு வாருங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது. இனி உங்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்வரிசைக்கு அனுப்புங்கள்.